மேனேஜர் போனார்... மனசு ஆறியதா?

ஒரு சவப்பெட்டி. பக்கத்தில் பூங்கொத்துகள். சுற்றி நிற்பவர்களில் சிலர் கண்ணைத் துடைத்துக் கொள்கிறார்கள். அமெரிக்காவில், டெக்ஸாஸ் மாநிலத்தின் டல்லாஸ் நகரத்தில், ஒரு பெரிய விளையாட்டு அரங்கத்தின் வாசலில் 2025 பிப்ரவரி 2-ம் தேதி கண்ட காட்சி இது.

'ஐயோ, யாருங்க செத்துப் போனது?' என்றுதானே கேட்கிறீர்கள்?

யாரும் சாகவில்லை! ஒரு கூடைப்பந்து வீரரை வேறு ஊர் அணிக்கு மாற்றிவிட்டார்கள். அவ்வளவுதான்.

'அட, இதுக்குப் போயா இவ்வளவு ஆர்ப்பாட்டம்? வேலையத்த ஜனங்க!' என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். உங்கள் வீட்டிலும் ஒருத்தர் இருப்பார். கிரிக்கெட்டில் இந்தியா தோற்ற ராத்திரி, 'எனக்குச் சாப்பாடு வேண்டாம்' என்று சுவரைப் பார்த்துப் படுத்துக் கொள்கிறவர். ரிமோட்டை சோபாவில் விட்டெறிகிறவர். குழந்தை வந்து ஹோம்வொர்க் சந்தேகம் கேட்டால் எரிந்து விழுகிறவர்.

டல்லாஸ் ரசிகர்களின் கதையைக் கேட்டால், அவருடைய பி.பி. ஏன் ஏறுகிறது என்பது உங்களுக்குப் புரியும். அதை எப்படி இறக்குவது என்பதும் தெரியும்.

நடந்தது என்ன?

டல்லாஸ் அணியின் பெயர் மேவரிக்ஸ். அதன் செல்லப்பிள்ளை லூகா டோன்சிச். ஐரோப்பாவில் ஸ்லோவேனியா என்ற குட்டி நாட்டுக்காரர். 2018-ல், பத்தொன்பது வயதில் டல்லாஸுக்கு வந்தார். ஊர் அவரைத் தன் வீட்டுப் பிள்ளையாகவே பார்த்தது. 2024-ல் அணியை இறுதிச் சுற்று வரை கொண்டு போனார். அங்கே பாஸ்டன் அணியிடம் தோற்றார்கள். இருந்தாலும், 'பரவாயில்லை, பையனுக்கு வயசு இருக்கு. கோப்பை எங்கே போயிடும்?' என்ற நம்பிக்கை ரசிகர்களுக்கு இருந்தது.

இந்த இடத்தில் ஜெனரல் மேனேஜர் என்பவர் யார் என்று சொல்லிவிட வேண்டும். கோச் வேறு, இவர் வேறு. கல்யாண வீட்டில் சமையல்காரர்தான் கோச் என்றால், லிஸ்ட் போட்டு மளிகை சாமான் வாங்கிப் போடுகிறவர் ஜெனரல் மேனேஜர்! யாரை அணியில் சேர்ப்பது, யாரை அனுப்புவது, யாரைக் கொடுத்து யாரை வாங்குவது எல்லாம் இவர் வேலை.

டல்லாஸில் 2021 முதல் அந்த நாற்காலியில் இருந்தவர் நிக்கோ ஹாரிஸன். அவர்தான் லூகாவை லாஸ் ஏஞ்சலஸ் நகரின் லேக்கர்ஸ் அணிக்குக் கொடுத்து, அங்கிருந்து ஆன்டனி டேவிஸ் என்ற மூத்த வீரரை வாங்கினார். 'தடுப்பாட்டம்தான் கோப்பையை ஜெயித்துத் தரும்' என்பது அவர் சொன்ன காரணம். அப்போது லூகாவுக்கு வயது 25. டேவிஸுக்கு 31.

செய்தி வந்தது சனிக்கிழமை ராத்திரி, ஊர் தூங்குகிற நேரத்தில். முன்னால் ஒரு ஜாடை இல்லை, ஒரு வதந்தி கூட இல்லை. 'யாரோ புரளி கிளப்புறாங்க' என்றுதான் பல பேர் நினைத்தார்கள். விடிந்த பிறகு நிஜம் என்று தெரிந்தது. அரங்க வாசலுக்குச் சவப்பெட்டி வந்தது.

அதற்குப் பிறகு அடி மேல் அடி. டல்லாஸுக்காக ஆடிய முதல் ஆட்டத்திலேயே டேவிஸுக்குக் காயம். மார்ச் மாதம் இன்னொரு நட்சத்திரமான கைரி இர்விங்குக்கு முழங்கால் ஜவ்வு கிழிந்தது. அரங்கத்தில் ஓயாத கோஷம்: 'நிக்கோவை நீக்கு!' பெரிய திரையில் தன் முகம் தெரிந்தபோது அதையே வாயசைத்துக் காட்டிய ஒரு ரசிகரை வெளியே அனுப்பினார்கள். விட்டார்களா? கோஷம் இன்னும்தான் கூடியது.

ஏப்ரல் 9-ம் தேதி லூகா, எதிரணிச் சட்டையில் டல்லாஸுக்கு வந்தார். ஆட்டத்துக்கு முன்னால் அவருடைய பழைய ஆட்டங்களைத் தொகுத்துத் திரையில் போட்டார்கள். பெஞ்சில் உட்கார்ந்து அதைப் பார்த்த லூகா அழுதுவிட்டார். அரங்கமும் சேர்ந்து கலங்கியது. பிறகு எழுந்து போய் 45 புள்ளி எடுத்துப் பழைய அணியையே தோற்கடித்தார்!

மே மாதம் ஒரு ஆறுதல் கிடைத்தது. புது வீரர்களைத் தேர்ந்தெடுப்பதில் யாருக்கு முதல் உரிமை என்று அங்கே குலுக்கல் போடுவார்கள். நூற்றுக்கு 1.8 மட்டுமே வாய்ப்பு இருந்த டல்லாஸுக்கு அதிர்ஷ்டம் அடித்தது. கூப்பர் ஃப்ளாக் என்ற பதினெட்டு வயது இளைஞர் வந்து சேர்ந்தார். கோபம் தீர்ந்திருக்கும் என்றுதானே நினைப்பீர்கள்? இல்லை. புது சீஸனில் முதல் 11 ஆட்டங்களில் 8 தோல்வி. நவம்பர் 10-ம் தேதி மில்வாக்கி அணியிடம் இரண்டே புள்ளியில் தோற்றார்கள். அன்று கடைசி நொடிகளில் சொந்த அணி வீரர் ஃப்ரீ த்ரோ போட நின்றபோதும் கோஷம்: 'நிக்கோவை நீக்கு!' தங்கள் ஆளின் கவனம் சிதறுமே என்ற நினைப்பு கூட இல்லை.

மறுநாள், நவம்பர் 11. ஹாரிஸன் நீக்கப்பட்டார்.

ஒன்பது மாதமாகக் கேட்டது கிடைத்துவிட்டது. பலர் துள்ளிக் குதித்தார்கள். ஆனால் அதே மூச்சில், 'இனிமேல் என்ன? லூகா திரும்பி வரப்போறாரா?' என்ற பெருமூச்சும் வந்தது. அதற்கு அடுத்த நாள் ஃபீனிக்ஸ் அணியிடம் மறுபடியும் தோல்வி.

எதிரி போய்விட்டார். வலி மட்டும் போகவில்லை. ஏன்?

'நாங்க' என்ற சொல்லில் இருக்கிறது சூட்சுமம்

விளையாடியது யாரோ. ஜெயித்ததும் நாம் என்ன சொல்கிறோம்? 'நாங்க ஜெயிச்சுட்டோம்!' தோற்றதும்? 'அவங்க சொதப்பிட்டாங்க!'

இதை வேடிக்கையாகச் சொல்லவில்லை. ராபர்ட் சியால்டினி என்ற அமெரிக்க உளவியல் அறிஞரும் அவருடைய குழுவினரும் 1976-லேயே ஆராய்ச்சி செய்து சொன்னது இது. கல்லூரி அணி ஜெயித்த வாரத்தில் மாணவர்கள் கல்லூரிப் பெயர் போட்ட சட்டையை அதிகமாகப் போட்டுக் கொண்டு வந்தார்கள். பேச்சிலும் 'நாங்க' வந்தது. தோற்றால் 'அவங்க' ஆகிவிட்டது.

ஆனால் தீவிர ரசிகரால் அப்படி 'அவங்க' என்று தள்ளிவிட முடிவதில்லை. இன்டியானா பல்கலைக்கழகத்தின் கூடைப்பந்து ரசிகர்களை வைத்து நடந்த ஆராய்ச்சி 1992-ல் வெளிவந்தது. தங்கள் அணி தோற்றதைப் பார்த்த ரசிகர்களிடம் சில கேள்விகள் கேட்டார்கள். 'சின்னப் பந்தைக் கூடையில் போட உன்னால் முடியுமா? எழுத்துகளை மாற்றிப் போட்டு வார்த்தை கண்டுபிடிப்பாயா? ஓர் அழகான பெண் உன்னோடு வெளியே வர சம்மதிப்பாளா?' வெற்றியைப் பார்த்தவர்களைவிட, தோல்வியைப் பார்த்தவர்கள் தங்களையே குறைத்து மதிப்பிட்டார்கள். அணி தோற்றதற்கும் இவருக்குப் பெண் கிடைப்பதற்கும் என்ன சம்பந்தம்? மனசுக்கு அந்தக் கணக்கெல்லாம் தெரியாது!

இப்போது சவப்பெட்டியை நினைத்துப் பாருங்கள். அந்த ரசிகர்கள் இழந்தது ஓர் ஆட்டக்காரரை மட்டுமல்ல. ஏழு வருஷம் பக்கத்து வீட்டுப் பிள்ளை மாதிரி பார்த்து வளர்த்த ஒரு முகம். அப்பாவும் மகனும் சேர்ந்து உட்கார்ந்து பார்த்த சாயங்காலங்கள். 'ஒரு நாள் கோப்பை வரும்' என்ற கனவு. இது துக்கம்தான்.

ஆனால் உறவினர் இறந்தால் ஊர் துக்கம் விசாரிக்கும். ஆபீஸில் லீவு கொடுப்பார்கள். ஆட்டக்காரர் போனதற்கு யார் விசாரிப்பார்கள்? 'போய் வேலையைப் பாருப்பா' என்பார்கள். இப்படி மற்றவர்கள் துக்கம் என்றே ஒத்துக்கொள்ளாத துக்கங்கள் உண்டு என்று 1989-ல் புத்தகமே தொகுத்து வெளியிட்டார் கென்னத் டோக்கா என்ற அமெரிக்கப் பேராசிரியர். வெளியே சொல்ல முடியாத துக்கம் உள்ளே கிடந்து புழுங்கும். பல நேரம் அது கோபமாக வேஷம் போட்டுக் கொண்டு வெளியே வரும். 'நிக்கோவை நீக்கு' என்ற கோஷத்துக்கு அடியில் இருந்தது, 'எங்களுக்கு வலிக்குது' என்ற ஒரு வரிதான்.

உடம்புக்குள் என்ன நடக்கிறது?

டென்ஷன் ஏறினால் உடம்பு அதை 'ஆபத்து' என்று எடுத்துக் கொள்ளும். புலி துரத்துகிறதா, டி.வி.யில் பந்து வளையத்தில் விழாமல் போகிறதா என்று பிரித்துப் பார்க்காது. அட்ரினலின் சுரக்கும். நாடித் துடிப்பு எகிறும். ரத்தக் குழாய்கள் இறுகும். பி.பி. ஏறும். இளவயதுக்காரருக்கு அரை மணி நேரத்தில் சரியாகிவிடும். ரத்தக் குழாயில் ஏற்கெனவே கொழுப்பு படிந்திருப்பவர் கதி?

ஜெர்மனியில் 2006-ல் உலகக் கோப்பை கால்பந்து நடந்தது. ம்யூனிக் வட்டாரத்தில் இதயக் கோளாறால் அவசர சிகிச்சைக்கு வந்தவர்களை டாக்டர்கள் கணக்கெடுத்து 2008-ல் வெளியிட்டார்கள். ஜெர்மனி ஆடிய நாட்களில் எண்ணிக்கை சாதாரண நாட்களைப் போல் 2.66 மடங்கு! ஆண்களுக்கு 3.26 மடங்கு, பெண்களுக்கு 1.82 மடங்கு. ஆட்டம் ஆரம்பித்த முதல் இரண்டு மணி நேரத்தில்தான் கூட்டம் உச்சம். ஏற்கெனவே இதய நோய் இருந்தவர்களுக்குத்தான் ஆபத்து மிக அதிகம்.

ஹார்மோனும் ஆடும். ஜெயித்த அணியின் ஆண் ரசிகர்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் ஏறுவதையும், தோற்ற அணி ரசிகர்களுக்கு இறங்குவதையும் எச்சிலைப் பரிசோதித்தே கண்டுபிடித்தார்கள். 1998-ல் வெளிவந்த இந்த ஆராய்ச்சி சிறிய அளவில் நடந்ததுதான். ஆனால் பரிசோதிக்கப்பட்டவர்களில் கூடைப்பந்து ரசிகர்களும் உண்டு. அவர்கள் பந்தைத் தொடவே இல்லை, பார்த்தார்கள். அவ்வளவே!

தோல்வியைவிட ஏமாற்றம் பொல்லாதது

இதுதான் இல்லத்தரசிகள் கவனமாகப் படிக்க வேண்டிய இடம்.

டேவிட் கார்டு, கார்டன் டால் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் அமெரிக்கக் கால்பந்து ஆட்டங்களையும் போலீஸ் பதிவுகளையும் சேர்த்து வைத்துப் பார்த்து 2011-ல் முடிவை வெளியிட்டார்கள். ஜெயிக்கும் என்று எல்லோரும் நம்பிய உள்ளூர் அணி தோற்ற நாட்களில், வீட்டுக்குள் ஆண்கள் மனைவி அல்லது துணைவி மீது கை நீட்டிய சம்பவங்கள் சுமார் 10 சதவீதம் கூடியிருந்தன. தோற்கும் என்று எதிர்பார்த்த ஆட்டத்தில் தோற்றால்? அப்படிக் கூடவில்லை.

புரிகிறதா? உடைப்பது தோல்வி அல்ல, ஏமாற்றம். டல்லாஸில் நடந்ததும் அதுவேதான். வருஷம் முழுக்கத் தோற்கிற அணியின் ரசிகர்கள் சவப்பெட்டி கொண்டு வர மாட்டார்கள். அதற்கு முந்தின ஜூன் மாதம்தான் இறுதிச் சுற்றில் ஆடிய அணி இது. கையில் இருந்த லட்டு கீழே விழுந்தால்தானே குழந்தை வீறிட்டு அழும்!

ஒரு விஷயம் தெளிவாக இருக்கட்டும். ஏமாற்றம் காரணம் ஆகலாம், சாக்கு ஆகாது. ஆட்டம் தோற்றதற்காக மனைவி மீதோ குழந்தை மீதோ கை ஓங்குவதற்கு எந்த நியாயமும் கிடையாது. அப்படி நடக்கிற வீட்டில் பிரச்னை விளையாட்டு அல்ல. அதை மூடி வைக்காமல் வெளியே சொல்லி உதவி கேட்க வேண்டும். மகளிர் உதவிக்கு 181 என்ற எண் இருக்கிறது.

கத்தித் தீர்த்தால் ஆறுமா?

'மனசுல வச்சுக்காம கத்தித் தீர்த்துடுங்க, சரியாயிடும்' என்று சொல்பவர்கள் நிறைய. கேட்கச் சுகமாக இருக்கிறது. ஆனால் நிஜம் அப்படி இல்லை.

இந்தத் தலைப்பில் நடந்த 154 ஆராய்ச்சிகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்து 2024-ல் முடிவு சொன்னார்கள். கலந்து கொண்டவர்கள் பத்தாயிரத்துக்கும் மேல். மூச்சுப் பயிற்சி, தியானம், யோகா, தசைகளைத் தளர்த்துவது என்று உடம்பின் படபடப்பைக் குறைக்கிற எல்லாமே கோபத்தைக் குறைத்தன. படபடப்பைக் கூட்டுகிற செயல்கள் குறைக்கவில்லை. ஓட்டப் பயிற்சி கூட இதயத்துக்கு நல்லதே தவிர, கோபம் தணிக்க உதவவில்லை.

அப்படியானால் ஒன்பது மாதக் கோஷம்? ஒவ்வொரு ஆட்டத்திலும் புண்ணைக் கீறிக் கீறிப் புதுசாக வைத்துக் கொண்டதுதான் மிச்சம்.

எது கொஞ்சமாவது ஆற்றியது என்றும் பாருங்கள். ஹாரிஸனை நீக்கிய அன்று அணியின் உரிமையாளர் பாட்ரிக் டூமோன்ட் ரசிகர்களுக்கு ஒரு கடிதம் எழுதினார். கடந்த சில மாதங்கள் அவர்களை எவ்வளவு பாதித்தன என்பது புரிகிறது என்று அதில் ஒத்துக் கொண்டார். அதற்கு முந்தின ராத்திரி, லூகாவின் புது அணிச் சட்டை போட்ட ஓர் இளம் ரசிகர் டூமோன்ட்டின் பக்கத்தில் உட்கார்ந்து பேசினார். முன்பு ஒரு தடவை அவரிடம் மரியாதைக் குறைவாக நடந்து கொண்டதற்கு மன்னிப்புக் கேட்டார் என்றும் செய்தி வந்தது. நாற்காலி காலியானதால் வந்தது ஒரு நாள் சந்தோஷம். 'உங்க வலி எனக்குத் தெரியுது' என்று ஒருத்தர் சொல்லும்போது கிடைப்பதுதான் மருந்து.

இந்த மருந்தை உங்கள் வீட்டிலேயே தயாரிக்கலாம். செலவே இல்லை!

வீட்டில் என்ன செய்யலாம்?

* தோற்ற ராத்திரி கிண்டல் வேண்டாம். 'இதுக்குப் போயா மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்கீங்க?' என்ற கேள்வி எரிகிற அடுப்பில் எண்ணெய். 'ரொம்ப ஆசையா இருந்தீங்க இல்ல?' என்று ஒரு வார்த்தை போதும்.

* அறிவுரையும் அன்றைக்கே வேண்டாம். ஒரு டம்ளர் மோர் கொடுங்கள். மற்றதெல்லாம் காலையில் பேசிக் கொள்ளலாம்.

* பி.பி., இதய நோய், சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுபவர்கள் மேட்ச் சுவாரஸ்யத்தில் வேளை தவற விடக்கூடாது. ஆட்டம் ஆரம்பிக்கும் முன்பே சாப்பாடு, மாத்திரை இரண்டையும் முடித்துவிடுவது உத்தமம்.

* சிப்ஸ், மிக்சர், ஊறுகாய் என்று உப்பு அயிட்டங்களோடு உட்கார வேண்டாம். டென்ஷனில் எவ்வளவு உள்ளே போகிறது என்றே தெரியாது. சுண்டல், வெள்ளரிக்காய், பழம் வைத்துக் கொள்ளுங்கள். சிகரெட், மது இரண்டும் அன்று இரட்டிப்புக் கெடுதல்.

* இடைவேளையில் எழுந்து வீட்டுக்குள்ளேயே நாலு நடை நடக்கட்டும். நாலு எண்ணும் வரை மூச்சை இழுத்து, ஆறு எண்ணும் வரை மெதுவாக விடட்டும். பத்து தடவை செய்தால் படபடப்பு இறங்குவது தெரியும்.

* அமெரிக்கக் கூடைப்பந்து பெரும்பாலும் நமக்கு விடியற்காலையில்தான் வருகிறது. அதற்காக ராத்திரி தூக்கத்தைக் கெடுத்துக் கொள்கிற பிள்ளைகள் உண்டு. முதல் நாள் சீக்கிரம் படுக்கச் சொல்லுங்கள். பரீட்சை நேரம் என்றால் மறு ஒளிபரப்பு போதும்.

* பிள்ளை அழுதால் அழட்டும். 'ஆம்பளைப் பையன் அழலாமா?' என்று அடக்காதீர்கள். இஷ்டப்பட்ட வீரர் போனதற்காக லூகாவின் ரசிகர்கள் மட்டுமா, லூகாவே அழுதார்!

* யாரைத் திட்டுகிறோம் என்பதைக் குழந்தைகள் கவனிக்கிறார்கள். 'அந்த முடிவு தப்பு' என்று சொல்லலாம். 'அவன் நாசமாப் போக' என்று சொன்னால் அதைத்தான் கற்றுக் கொள்ளும். மேனேஜருக்கும் குடும்பம், பிள்ளைகள் இருக்கும் இல்லையா?

* நெஞ்சில் அழுத்தம் அல்லது வலி, இடது கை அல்லது தாடைக்குப் பரவுவது, மூச்சுத் திணறல், குப்பென்று வியர்ப்பது... இதில் எது வந்தாலும் 'ஆட்டம் முடியட்டும்' என்று காத்திருக்கக் கூடாது. 'கேஸா இருக்கும்' என்று சோடா குடிக்கக் கூடாது. உடனே 108-க்குப் போன் செய்யுங்கள்.

* தோல்விக்குப் பிறகு இரண்டு வாரத்துக்கு மேலும் தூக்கம் வராமல், வேலையில் மனம் ஒட்டாமல், எதிலும் பிடிப்பில்லாமல் இருந்தால் அது விளையாட்டு சமாசாரம் அல்ல. மனநல மருத்துவரைப் பார்ப்பதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

இவ்வளவையும் படித்துவிட்டு, 'அப்ப விளையாட்டே பார்க்கக் கூடாதா?' என்று கேட்டுவிடாதீர்கள். தாராளமாகப் பாருங்கள். வீட்டில் நாலு பேர் சேர்ந்து உட்கார்ந்து கைதட்டுகிற சுகம் வேறு எதில் கிடைக்கும்? அணி மேல் பாசம் வைக்கலாம். பாசம் வைத்தால் ஒரு நாள் வலிக்கத்தான் செய்யும். அந்த வலிக்கு ஒரு மேனேஜரின் தலையைக் கேட்பதைவிட, பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரின் தோளைக் கேட்பது உடம்புக்கு நல்லது.

அடுத்த தடவை உங்கள் வீட்டு ரசிகர் சுவரைப் பார்த்துப் படுத்துக் கொண்டால், லைட்டை அணைத்துவிட்டுப் போய்விடாதீர்கள். இரண்டு நிமிஷம் பக்கத்தில் உட்காருங்கள். ஸ்கோர் மாறாது. அவருடைய பி.பி. கொஞ்சம் இறங்கும்!